பில்லுக்குப் பயந்து பிரசவத்தைத் தள்ளிப்போட முடியாது

லண்டன் ஈஸ்ட் ஹாமில் மரக்கறிக் கடை வரிசையில் நின்றால் விசா ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். “ஆஸ்பத்திரிக்குப் போகாதையும் பிள்ளை, பேர் ஹோம் ஆபீஸுக்குப் போயிடும்” என்பார் ஒருவர். “கருத்தடை மாத்திரை எடுத்தாலும் விசா புதுப்பிக்கேக்க பிடிப்பாங்கள்” என்பார் இன்னொருவர். “நோ வந்தாப் பிறகு எமர்ஜென்சிக்குப் போனாக் காசு கேக்க மாட்டாங்கள்” என்பது மூன்றாமவரின் தீர்ப்பு. முதலாவதில் கால்வாசி உண்மை உண்டு. இரண்டாவது முழுப் பொய். மூன்றாவது, தாயையும் பிள்ளையையும் ஆபத்தில் தள்ளக்கூடிய பொய்.

மாணவர் விசாவில் வந்த கோயம்புத்தூர்ப் பெண், முதியோர் பராமரிப்பு வேலைக்கு வந்த திருச்சி நர்ஸ், கணவரின் ஸ்பான்சரில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மணமகள், அகதிக் கேஸ் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் வன்னிப் பெண் என்று நான்கு பேரை எடுத்துக்கொண்டால், சட்டம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறது. கடை வரிசை ஆலோசனையோ எல்லோருக்கும் ஒன்றுதான். நான் இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் கொஞ்சம் தாராளமானவை. அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரிடம்கூட அங்கே ஆஸ்பத்திரிக் கட்டணம் வாங்குவதில்லை.

ஒரு பெரிய குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். மணமகள் விசா, வேலை விசா, மாணவர் விசா எல்லாவற்றிலும் பொது நிதியை நாடக்கூடாது என்றொரு நிபந்தனை இருக்கும். முன்பு அதை அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள்; இப்போது இ-விசாவில் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போவதே தடை என்று ஒதுங்கிவிட்ட பெண்கள் உண்டு. குடிவரவு விதிகளில் பொது நிதி என்று சொல்லப்படுவது யூனிவர்சல் கிரெடிட், வீட்டு வாடகை உதவி, குழந்தைப் படி போன்ற அரசு உதவித்தொகைகள். தேசிய சுகாதார சேவையான என்.எச்.எஸ் அந்தப் பட்டியலிலேயே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. மணமகள் விசாவில் வருகிறவர் 33 மாத விசாவுக்காக ஹெல்த் சர்சார்ஜ் என்ற பெயரில் 3,105 பவுண்டை முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார். கட்டிய காசுக்குரிய வைத்தியத்தைக் கேட்பதற்கே பிறகு பயப்படுகிறார்.

கட்டணம் உண்டா இல்லையா என்பதை இரண்டு கேள்விகள் தீர்மானிக்கின்றன. நீங்கள் யார்? நீங்கள் கேட்கும் சேவை எது?

முதல் கேள்விக்கு வருவோம். ஹெல்த் சர்சார்ஜ் கட்டியவர் ஏறக்குறைய எல்லாச் சேவைகளையும் இங்கே வாழ்பவரைப் போலவே பெறலாம். 2024 பிப்ரவரியிலிருந்து அது பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவருக்கும் அவருடைய துணைக்கும் 776. சுகாதார, பராமரிப்பு வேலை விசாவில் வந்தவருக்கும் குடும்பத்துக்கும் சர்சார்ஜே கிடையாது. கட்டாமலேயே உரிமை உண்டு. அகதி அந்தஸ்து பெற்றவர், கேஸ் அல்லது மேன்முறையீடு நிலுவையில் உள்ளவர், ஆட்கடத்தலுக்கு உள்ளானவராக அடையாளம் காணப்பட்டவர் ஆகியோருக்கும் கட்டணம் இல்லை. சிக்கல் மற்றவர்களுக்குத்தான்: விசிட் விசாவில் வந்தவர், விசா முடிந்தும் தங்கிவிட்டவர், கேஸ் நிராகரிக்கப்பட்டு அரசு ஆதரவும் நின்றுபோனவர். இவர்களிடம் ஆஸ்பத்திரி, என்.எச்.எஸ் தனக்குள் வைத்திருக்கும் விலையில் 150 சதவீதத்தை வசூலிக்கும். கேஸ் நிலுவையில் இருக்கும்போது ஒரு சிகிச்சை தொடங்கி, நடுவில் நிராகரிப்புக் கடிதம் வந்துவிட்டால், தொடங்கிய அந்தச் சிகிச்சை முடியும்வரை இலவசமாகவே தொடர வேண்டும். கர்ப்பகாலத்தில் நிராகரிப்பு வந்தவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். யாராக இருந்தாலும், விசாவே இல்லாவிட்டாலும், கட்டணமில்லாத சேவைகள் சில உண்டு. ஜி.பி எனப்படும் குடும்ப டாக்டரின் ஆலோசனை இலவசம். கருத்தடை மாத்திரை, ஊசி, கையில் வைக்கும் இம்பிளான்ட், கருப்பைக்குள் வைக்கும் காயில் எல்லாமே இலவசம். மருந்துச்சீட்டுக் கட்டணமும் கிடையாது. பால்வினை நோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். 2012 அக்டோபரிலிருந்து எச்.ஐ.வி சிகிச்சையும் அப்படியே. பாலியல் வன்முறை, குடும்ப வன்முறை, சித்திரவதை ஆகியவற்றால் வந்த உடல்நலக் கேடுகளுக்கு, அந்தச் சிகிச்சைக்காகவே நாட்டுக்குள் வந்தவராக இல்லாதவரை, காசு கேட்கக் கூடாது. போர்க்காலக் காயங்களோடு வந்த ஈழத்துப் பெண்களில் பலருக்கு இந்தக் கடைசி விதி பொருந்தும். வெட்கத்தால் அவர்கள் அதைச் சொல்வதில்லை. சொல்லாதவரை எந்த ஆஸ்பத்திரியும் தானாக விலக்குக் கொடுக்காது.

அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இப்போது அலைய வேண்டியதில்லை. 2025 அக்டோபர் இறுதியிலிருந்து இங்கிலாந்தின் பெரும்பாலான ஃபார்மசிகளில் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு வகை 3 நாளுக்குள், இன்னொரு வகை 5 நாளுக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். ஃபார்மசிக்காரர் உள்ளே ஒரு சிறிய அறைக்கு அழைத்துப் போய்ச் சில கேள்விகள் கேட்பார். கல்யாணம் ஆகிவிட்டதா என்பது அவற்றில் ஒன்றல்ல.

இந்த வாசல்களில் பெரும்பாலானவற்றுக்குத் திறவுகோல் ஜி.பி பதிவு. அங்கேதான் முதல் தடங்கலும். நம்மவர்களில் பலர் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு ரூமில் இருப்பவர்கள். வாடகை ரொக்கமாகப் போகும், ஒப்பந்தம் இருக்காது, வீட்டுக்காரர் “என்ர அட்ரஸ் குடுக்காதேங்கோ” என்று முதல் நாளே சொல்லியிருப்பார். சர்ஜரி எனப்படும் ஜி.பி கிளினிக்கின் ரிசப்ஷனிலோ பாஸ்போர்ட், கரண்ட் பில், வங்கிக் கடிதம் கேட்பார்கள். ரிசப்ஷனிஸ்ட் குரலை உயர்த்திப் பேசுகிறவராக இருந்துவிட்டால், பின்னால் நிற்கும் வரிசைக்குக் கூச்சப்பட்டே பெண் திரும்பிவிடுவார். என்.எச்.எஸ் விதிப்படி பதிவுக்கு அடையாளச் சான்றோ, முகவரிச் சான்றோ, விசாவோ கட்டாயம் இல்லை. கேட்கலாம், இல்லையென்று மறுக்கக் கூடாது. நிலையான முகவரி இல்லாதவருக்குச் சர்ஜரியின் முகவரியையே போட்டுக்கொள்ள வழி உண்டு. பட்டியல் நிரம்பிவிட்டது, நீங்கள் எங்கள் பகுதிக்கு வெளியே இருக்கிறீர்கள் என்பன போன்ற நியாயமான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தையும் 14 நாளுக்குள் எழுத்தில் தர வேண்டும். ஆகவே ரிசப்ஷனில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: “மறுப்பதென்றால் எழுதித் தாருங்கள்.” சண்டை தேவையில்லை. எழுதித் தரச் சொன்னதும் பதிவுப் படிவம் தானாக வெளியே வருவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். அப்படியும் வராவிட்டால் டாக்டர்ஸ் ஆஃப் தி வேர்ல்டு அமைப்பு பதிவு செய்ய உதவும்.

ஜி.பி பதிவு இருந்தால், 25 வயதிலிருந்து 64 வரை கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான ஸ்மியர் டெஸ்டுக்கு அழைப்பு வரும். பெண் நர்ஸ்தான் வேண்டும் என்று கேட்கலாம்.

இனி மகப்பேறு. கடை வரிசையில் மூன்றாமவர் சொன்ன பொய்யை இங்கேதான் அவிழ்க்க வேண்டும். எமர்ஜென்சிப் பிரிவுக்குள் நடக்கும் சிகிச்சைக்குக் காசு இல்லை என்பது சரி. ஆனால் பிரசவ வார்டில் சேர்த்துவிட்டால் அந்த இலவசம் அங்கேயே முடிகிறது. கட்டணம் உள்ளவருக்கு, முதல் மாதத்திலிருந்து மகப்பேற்றுத் தாதியான மிட்வைஃபைப் பார்த்தாலும் பில் உண்டு, வலி எடுத்த பிறகு ஆம்புலன்ஸில் போய் இறங்கினாலும் பில் உண்டு. கடைசிவரை காத்திருந்தவருக்குத் தப்பிப்போவது ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம் என்பதால் 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். தலசீமியாப் பரிசோதனை 10 வாரத்துக்குள் நடக்க வேண்டும். ரத்த அழுத்தம் ஏறுவதை மாதாமாதம் பார்த்தால்தான் பிடிக்க முடியும். இவையெல்லாம் போய், ஆபத்தோடு வந்து சேரும் பிரசவத்துக்குப் பில்லும் கூடுதலாகத்தான் வரும்.

காசில்லாதவரைத் திருப்பி அனுப்புவதற்கு எதிரான விதி மிகத் தெளிவாக இருக்கிறது. மகப்பேறு சம்பந்தப்பட்ட எல்லாச் சிகிச்சையும் உடனடித் தேவை என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளது. கர்ப்பகாலப் பராமரிப்பு, பிரசவம், பிரசவத்துக்குப் பின் பார்ப்பது எதையும், காசு கட்டவில்லை என்பதற்காக மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2017 அக்டோபரிலிருந்து பல சிகிச்சைகளுக்கு முன்பணம் வாங்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள்; அதிலும் உடனடித் தேவையான சிகிச்சைக்கு விலக்கு உண்டு. காசு கேட்பது வேறு, கதவை மூடுவது வேறு. ஆஸ்பத்திரியின் எல்லா மேசைகளிலும் இந்த வேறுபாடு தெரிந்தவர்கள் இருப்பதில்லை. அதனால் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மிட்வைஃபிடம் போக ஜி.பி கடிதம்கூட வேண்டாம். ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் நேரடியாகப் பதியலாம். சில வாரங்களில், யாருக்குக் கட்டணம் என்று பார்க்கும் ‘ஓவர்சீஸ்’ குழுவிலிருந்து கடிதம் வரலாம், அல்லது வார்டிலேயே கையில் படிவத்தோடு ஒருவர் வந்து நிற்கலாம். அவர் ஆஸ்பத்திரி ஊழியர், ஹோம் ஆபீஸ் அதிகாரி அல்ல. கேட்பதற்கு உண்மையாகப் பதில் சொல்லுங்கள். கேஸ் நிலுவையில் இருந்தால், அகதிக் கோரிக்கையாளருக்குத் தரும் ஏ.ஆர்.சி அட்டையைக் காட்டுங்கள். எந்த அடிப்படையில் எனக்குக் கட்டணம் என்று முடிவெடுத்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இலவசமாகப் பெற வேண்டியவர்களுக்கே தவறாகப் பில் போகும் கதைகள் இந்தத் துறையில் புதிதல்ல.

ஹோம் ஆபீஸ் பற்றிய கால்வாசி உண்மை இதுதான்: 500 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள கடன், பில் போட்ட பிறகு 2 மாதம் கட்டப்படாமல் கிடந்தால், அந்தத் தகவல் ஹோம் ஆபீஸுக்குப் போகலாம், அடுத்த விசா விண்ணப்பத்தை அது பாதிக்கலாம். ஆனால் தவணையில் கட்டுவதாக ஆஸ்பத்திரியோடு ஒப்புக்கொண்டு அதன்படி கட்டிவந்தால் நிலைமை வேறு. அந்தத் தவணை பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை. பில்லை டிராயரில் போட்டு மூடுவதுதான் மோசமான வழி. மெட்டர்னிட்டி ஆக்‌ஷன் என்ற அமைப்பு இத்தகைய பில்களுக்கே தனியாக ஆலோசனை தருகிறது.

ஹோம் ஆபீஸ் பற்றிய பயம் தானாக முளைத்ததல்ல. 2017 ஜனவரியில் என்.எச்.எஸ் வைத்திருந்த முகவரித் தகவல்களை ஹோம் ஆபீஸுக்குக் கொடுக்க ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. டாக்டர்களும் நாடாளுமன்றச் சுகாதாரக் குழுவும் எதிர்த்த பிறகு 2018இல் அதைக் கைவிட்டார்கள். ஒப்பந்தம் போனாலும் கடை வரிசையில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனில் கர்ப்பகாலத்திலும் பிரசவத்தை ஒட்டியும் நேரும் தாய் மரணங்களை ஆராயும் எம்.பி.ஆர்.ஆர்.ஏ.சி.ஈ அமைப்பு 2019இல் வெளியிட்ட அறிக்கையில், இறந்தவர்களில் மூன்று பெண்கள் கட்டணத்துக்கும் குடிவரவு நிலைக்கும் பயந்து சிகிச்சைக்கு வரத் தயங்கியிருக்கலாம் என்று பதிவாகியிருக்கிறது. அதே அமைப்பின் 2019–21 கணக்கில், வெள்ளையினப் பெண்களைவிட ஆசியப் பெண்கள் மகப்பேறில் இறப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு, கறுப்பினப் பெண்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு. கட்டணத்தை வைத்துக்கொண்டே ‘பயப்படாமல் வாருங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மகப்பேறை இலவசச் சேவைகளின் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு விதித் திருத்தம் போதும். அது வரும்வரை, இருக்கிற விதியை முழுதாகப் பயன்படுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

கருக்கலைப்பு பற்றி நம் பத்திரிகைகள் எழுதத் தயங்கும். இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அல்லாமல் செய்தால் அது இன்றும் குற்றம். இந்தியாவில் 1971இலிருந்து சட்டம் அனுமதித்தாலும் ஊர் அனுமதிப்பதில்லை. இரண்டு இடத்துப் பயமும் பெட்டியோடு சேர்ந்து லண்டனுக்கு வந்துவிடுகிறது. இங்கே 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி, இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் 24 வாரம்வரை பொதுவாகச் செய்யலாம். 10 வாரத்துக்குள் என்றால் தொலைபேசியில் பேசி, மாத்திரைகளை வீட்டுக்கே வரவழைத்து எடுத்துக்கொள்ளலாம். 2022 ஆகஸ்டிலிருந்து இது நிரந்தர ஏற்பாடு. பி.பி.ஏ.எஸ், எம்.எஸ்.ஐ போன்ற அமைப்புகளை ஜி.பி வழியாகப் போகாமல் நேராகவே அழைக்கலாம். கணவரின் கையெழுத்து வேண்டாம். 1978இல் ஒரு கணவர் மனைவியைத் தடுக்கக் கோரி நீதிமன்றம் போனார். தடுக்கும் உரிமை கணவருக்கு இல்லை என்று தீர்ப்பு வந்தது. இருவருக்கும் ஒரே ஜி.பி ஆனாலும், உங்கள் அனுமதியின்றி அவர் கணவரிடம் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கருத்தடை எல்லோருக்கும் இலவசம் என்றேன். கருக்கலைப்பு அந்த விதிக்குள் வரவில்லை. சர்சார்ஜ் கட்டியவருக்கும் அகதிக் கேஸ் நிலுவையில் உள்ளவருக்கும் காசில்லை. கட்டணம் உள்ள பிரிவினரிடம் பணம் கேட்கலாம். வாரங்கள் கூடக்கூடச் செலவும் சிக்கலும் கூடும் என்பதால் கர்ப்பம் தெரிந்த முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. ஊரிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் மாத்திரை கொண்டுவரச் சொல்வது வேண்டவே வேண்டாம். கரு கருப்பைக்கு வெளியே, குழாயில் வளர்ந்திருந்தால் அந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு தடை மிஞ்சுகிறது: யார் பேசுவது? டாக்டர் அறையில் வழக்கமாக நடப்பது இது. டாக்டர் பெண்ணைப் பார்த்துக் கேட்பார். பெண் கணவரைப் பார்ப்பார். கணவர் தமிழில் கேட்காமலேயே “ஷி இஸ் ஓகே” என்பார். மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம் என்பதோ, உறவின்போது வலிக்கிறது என்பதோ, வீட்டில் அடி விழுகிறது என்பதோ அந்த மூன்று நிமிடத்துக்குள் வர வழியே இல்லை. கணவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை; மாமியாரோ பத்து வயது மகளோ மொழிபெயர்த்தாலும் கதை இதுதான். என்.எச்.எஸ் வழிகாட்டுதல், வீட்டாரை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது என்றும், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே “தமிழ் இன்டர்பிரிட்டர், பெண்” என்று சொல்லிவிட வேண்டும். வழக்கத்தைவிட நீண்ட நேரமும் கேட்க வேண்டும். நம் ஊர்க்காரர் வந்து, விஷயம் கோயில் மண்டபம்வரை போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. மொழிபெயர்ப்பாளர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்றாலும், தொலைபேசி வழியே ஒருவரைக் கேட்டால் அவர் வேறு நகரத்தில் இருக்கலாம், முகமும் தெரியாது. கர்ப்பகாலத்தில் ஒரு தடவையாவது பெண்ணைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது மிட்வைஃபுகளுக்கு உள்ள விதி. கணவரை வெளியே இருக்கச் சொன்னால் அது அவமரியாதை அல்ல, எல்லோருக்கும் அப்படித்தான்.

அந்தத் தனிமையில் சொல்ல வேண்டியது வன்முறை என்றால், “விட்டிட்டுப் போனா விசா போயிடும்” என்ற மிரட்டலுக்கும் பதில் இருக்கிறது. மணமகள் விசாவில் உள்ளவரின் உறவு வன்முறையால் முறிந்தால், அவர் பொது நிதி பெறும் உரிமையோடு 3 மாத அனுமதி கேட்கலாம். அந்தக் காலத்துக்குள் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாணவரின், வேலை விசாக்காரரின் துணையாக வந்தவர்களுக்கும் 2024இலிருந்து அந்த 3 மாதம் உண்டு. ஆனால் அவர்களுக்கு அதன் வழியே நிரந்தர வதிவிடம் கிடையாது, கையில் இருக்கும் விசாவும் போய்விடும் என்பதால் வழக்கறிஞரைக் கேட்காமல் படிவம் போடக் கூடாது. 0808 2000 247 என்ற தேசியக் குடும்ப வன்முறை உதவி எண் இரவு பகலாக, கட்டணமின்றி இயங்குகிறது. 1979இலிருந்து இயங்கும் சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் தெற்காசியப் பெண்களின் வீட்டு நிலைமை தெரிந்தவர்கள். பாலியல் தாக்குதல் நடந்திருந்தால் அதற்கென்றே உள்ள மையங்களுக்குப் போலீஸில் சொல்லாமலே போகலாம். தடயங்களை எடுத்து வைத்துக்கொள்வார்கள், புகார் கொடுப்பதை நீங்கள் பிறகு முடிவு செய்யலாம்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பமானதற்காக வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம், ஸ்பான்சர் விசாவிலும் அப்படியே. மிட்வைஃபைப் பார்க்கும் நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. நிறுவனம் தரும் மகப்பேறு ஊதியம் பொது நிதி அல்ல. தகுதி இருந்தால் தயங்காமல் வாங்கலாம். பிள்ளைக்காக ஏங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு: 2017 ஆகஸ்டிலிருந்து, சர்சார்ஜ் கட்டியவருக்கும் ஐ.வி.எஃப் போன்ற செயற்கைக் கருத்தரிப்பு அதில் அடங்காது. நிரந்தர வதிவிடம் வரும்வரை அது கைக்காசுதான்.

எங்காவது மறுத்தால், யார் மறுத்தார், எந்தத் தேதி, என்ன சொன்னார் என்று அன்றைக்கே தொலைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினாலும் போதும். ஆஸ்பத்திரி என்றால் அங்கேயே உள்ள பால்ஸ் என்ற நோயாளர் உதவிப் பிரிவில் முதலில் கேட்கலாம். தீராவிட்டால் எழுத்தில் முறையான புகார், அதற்கும் பதில் சரியில்லை என்றால் சுகாதார சேவைக்கான ஆம்புட்ஸ்மன். புகாருக்குப் பொதுவாக 12 மாத அவகாசம் இருக்கிறது. பிள்ளை பிறந்து, தூக்கம் திரும்பிய பிறகும் கொடுக்கலாம். புகார் கொடுத்தார் என்பதற்காக வைத்தியத்தில் எதையும் குறைக்கக் கூடாது.